தூண்டிற்கோலும் மீனின் உயிரும்

சால்மன் மீன்பிடிக்க இருகைத் தூண்டிற்கோல் வாங்குவோர் சிலர், நீளமே பெருமையெனக் கருதுவர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையிலே மரங்கள் நெருங்கி நிற்பதால், கயிற்றைப் பின்னே சுழற்ற இடமில்லை. நீரைத் தொடுவித்து முன்னே வீசும் முறை 19ஆம் நூற்றாண்டில் அங்கே வளர்ந்தமைக்கு அதுவே காரணம். அகன்ற ஆற்றுக்கு 15 அடிக் கோல் தகும். ஒடுங்கியதற்கு 12 அடியே போதும்.

எனினும், ஆற்றோடு மீனையும் எண்ணவேண்டும். பிரித்தானியாவின் அத்திலாந்திக் சால்மன், 2023இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக வகைப்படுத்தப்பட்டது. பிடித்ததை உயிருடன் விடுதலே இன்று அறமாகும். வலுவற்ற கோலோ போராட்டத்தை நீட்டும். களைத்துப்போன மீன் விட்டபின்னரும் மாளக்கூடும். ஆதலின், மீனை விரைந்து கரைசேர்க்கும் வலிமையையே கோலில் முதலில் நோக்கவேண்டும் என்பது என் துணிபு.