இருந்த இடத்திலேயே இளைஞர் தேய்வதா?

வடமராட்சியின் வடகரையில், கடலும் கடல்நீரேரியும் சந்திக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர் தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகனின் திருவடியைத் தேடி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கால்நடையாக வந்து சேரும் ஊர் இது. இவ்வூர் பெற்றெடுத்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கி, பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, கோடிக்கரையில் ஏறினார். அயலூராகிய வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் அந்நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தார். தோள்வலியும் கால்வலியும் நெஞ்சுறுதியும் நமக்கு இரவல் வாங்கிய சொத்துக்களல்ல என்பதற்கு இவர்களிலும் சிறந்த சாட்சிகள் வேண்டுமோ?

அந்த மண்ணின் பிள்ளைகள் இன்று நாளின் பெரும் பொழுதை எப்படிக் கழிக்கின்றனர்? இருந்தபடியே கழிக்கின்றனர். இரவு 10 மணிக்குக் கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கும் வாலிபன், ‘பப்ஜி’ என்றும் ‘பிறீ பயர்’ என்றும் பெயர் பெற்ற போர் விளையாட்டுக்களில் மூழ்கி, சேவல் கூவும் நேரத்திலே கண் சிவந்து எழுகிறான். திரையில் அவன் ஓடுகிறான், பாய்கிறான், மலையேறுகிறான். நாற்காலியிலோ அவனுடைய கால்கள் 5 மணி நேரம், 6 மணி நேரம் அசைவற்றுக் கிடக்கின்றன. கணினியின் முன் அமர்ந்தவன் நிலையும் இதுவே.

இதனைச் சிறுவர் விவகாரம் எனச் சிரித்துத் தள்ளுவோர் பலர். ‘பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், கெட்ட கூட்டத்தில் சேரவில்லை’ என மன நிறைவு கொள்ளும் பெற்றோரும் உளர். அந்த மன நிறைவு சரியானதா என்பதை மருத்துவ உலகம் தந்துள்ள சான்றுகளை வைத்தே ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில், ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மாநகர் மீது குண்டு பொழிந்தன. மக்கள் இரவு முழுவதும் பதுங்கிடங்களிலே நாற்காலிகளில் அமர்ந்து பொழுதைக் கழித்தனர். குண்டு படாமலே அவர்களுட் சிலர் திடீரென மாண்டனர். பிரேத பரிசோதனை நடத்திய மருத்துவர் கீத் சிம்சன் காரணத்தைக் கண்டறிந்து அவ்வாண்டிலேயே ‘லான்செற்’ மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். நெடுநேரம் அமர்ந்திருந்தமையால் காலின் நாளங்களிலே குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததே அந்த மரணங்களின் காரணம். நாற்காலியும் உயிரைக் கொல்லும் என்பதை உலகம் அன்று கண்டது.

1953ஆம் ஆண்டில் அதே நகரில் மருத்துவர் ஜெரி மொறிசும் அவருடைய குழுவினரும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். லண்டனின் இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்; நடத்துநரோ படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே வண்டியில் வேலை செய்யும் இவ்விருவருள் சாரதிகளையே மாரடைப்பு அதிகமாகத் தாக்கியது.

இவை பழங்கதைகள் எனக் கருத வேண்டாம். 2003ஆம் ஆண்டில் நியூசிலாந்து மருத்துவர்கள் 32 வயதான ஒருவரைப் பற்றி எழுதினர். அவர் நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை கணினியின் முன் அமர்ந்திருந்தவர். முதலில் கெண்டைக்கால் வீங்கியது. பின்னர் மூச்சுத் திணறி நினைவிழந்தார். நுரையீரலிலே குருதிக்கட்டி இருந்தது. 2005ஆம் ஆண்டில் தென் கொரியாவின் தேகு நகரில் 28 வயது இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 50 மணி நேரம் தொடர்ந்து கணினி விளையாட்டில் ஈடுபட்டபின் சுருண்டு விழுந்து இறந்தார். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரைச் சேர்ந்த 20 வயது வாலிபர், நெடுநேரம் வீடியோ விளையாட்டில் அமர்ந்திருக்கும் பழக்கமுடையவர், நுரையீரல் குருதி அடைப்பினால் மாண்டார். நோயற்ற இளம் பருவமும் காவலாகவில்லை.

இது நிகழ்வது எங்ஙனம்? நம் கமக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. கிணற்று நீர் தானாக மேலே ஏறி வருவதில்லை. முன்பு துலா மிதித்தோம். இன்று இயந்திரம் இறைக்கிறது. அதுபோலவே, காலுக்கு இறங்கிய குருதி மீண்டும் இருதயத்துக்கு ஏறுவதற்கு ஓர் இறைப்பு வேண்டும். அந்த இறைப்பைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போதும் பாதத்தை அசைக்கும்போதும் அத்தசை நாளங்களை அழுத்திக் குருதியை மேலே தள்ளுகிறது. தசை ஓய்ந்தால் இறைப்பும் ஓய்கிறது. தேங்கிய குருதி உறையத் தொடங்குகிறது. மடித்த முழங்காலும், தொடையை அழுத்தும் நாற்காலி விளிம்பும், தண்ணீர் குடிக்க மறந்த மயக்கமும் அதற்குத் துணை போகின்றன.

ஈண்டு ஒரு நியாயத்தையும் கூறல் வேண்டும். சான்றை மிகைப்படுத்துவது சட்டம் பயின்றவனுக்கு அழகன்று. இளம் வயதில் இவ்வாறு குருதி உறைந்து இறப்பது அரிது. நூறு பிள்ளைகள் விளையாடினால் நூறு பேரும் நோயாளராகிவிட மாட்டார்கள். ஆயினும் அரிதான மரணத்துக்கு அப்பால், ஆரவாரமின்றி வரும் கேடுகள் பல உள. கண்ணிமைத்தல் குறைந்து கண் வறளுகிறது. கழுத்தும் முதுகும் வளைந்து நோகின்றன. உறக்கம் குலைகிறது; உறக்கம் குலைந்தவனுக்குப் பள்ளியில் பாடமும் ஏறாது, தோட்டத்தில் மண்வெட்டியும் ஏறாது. இனிப்புப் பானமும் பொதியிற் கிடைக்கும் தின்பண்டமும் நாற்காலிக்கே வந்து சேர, இடை பருக்கிறது. தென்னாசிய மக்களாகிய நாம் நீரிழிவுக்கு இயல்பிலேயே எளிதில் ஆளாகும் இனத்தவர். இலங்கையில் நிகழும் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை இருதய நோய், நீரிழிவு போன்ற தொற்றா நோய்களால் நேர்வன. நாற்பதில் வரவேண்டிய நோயை நாமே இருபதுக்கு அழைத்து வருவதா?

மேலும், விளையாட்டின்மீது கட்டுப்பாட்டை இழந்து, உணவையும் கல்வியையும் உறவையும் புறக்கணித்து, கேடு விளைவது கண்டும் நிறுத்த இயலாத நிலையை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே ஏற்றுள்ளது. அந்த வகைப்படுத்தல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பிடியில் அகப்பட்ட பிள்ளையை அடிப்பது பரிகாரமாகாது. நோயாளியை எவரேனும் அடிப்பார்களா?

அப்படியாயின் குற்றவாளி யார்? விளையாட்டா? கைத்தொலைபேசியா? பிள்ளையா? நான் அறிந்தவரை, குற்றப் பத்திரிகையில் முதற் பெயராக எழுதப்பட வேண்டியவர்கள் வளர்ந்தவர்களாகிய நாமே.

நம் பிள்ளையின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் பாடசாலை வாங்கில் 6 மணி நேரம். பிற்பகல் தனியார் கல்வி நிலையத்தின் வாங்கில் 3 மணி நேரம்; சில வேளை 4 மணி நேரம். பின்னர் வீட்டிலே படிப்பு மேசை. சனி, ஞாயிறு என்ற பேதமும் இல்லை. கிளித்தட்டு மறித்த முற்றமும், பந்தடித்த வெளியும், நீந்திய துறையும் அவனுக்கு எந்த நேரத்தில் கிடைக்கும்? மாலையை நாம் பறித்துக்கொண்டோம். எஞ்சிய இரவை அவன் திரைக்குக் கொடுத்துவிட்டான். பகல் முழுவதும் அவனை இருத்தி வைத்தவர்கள், இரவிலும் இருக்கிறானே என வியப்பது முறையோ? 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்விக்கென அவன் கையில் தொலைபேசியைக் கொடுத்தவர்களும் நாமே. பாடசாலை திறந்தபின் அதனைத் திரும்ப வாங்க மறந்தோம்.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆண் பிள்ளைக்கேனும் மைதானத்தில் ஒரு மூலை உண்டு. பருவமெய்திய பெண் பிள்ளைக்கு விளையாட்டு வெளியே மூடப்பட்டுவிடுகிறது. இருந்தபடி வாழ்வதை அவளுக்கு நாம் ஒழுக்கம் என்ற பெயரால் கற்பித்து வருகிறோம்.

‘அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கட்டும்’ என்பார் சிலர். தென் கொரியா அதனைச் செய்து பார்த்தது. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டில் ஈடுபடலாகாது என 2011ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. பத்தாண்டுகளின் பின், பெரிதும் பயனளிக்கவில்லையெனக் கருதி, 2021ஆம் ஆண்டில் அதனை நீக்க முடிவெடுத்தனர். சீனா அவ்வாண்டிலேயே 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் நாளுக்கு ஒரு மணி நேரம் என வரையறுத்தது. அத்தகைய கண்காணிப்பை நம் வீட்டுக்குள் அழைத்துவர எவர் விரும்புவார்? அரசின் கண்காணிப்பை அனுபவித்தறிந்த மக்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சுகாதாரமும் கல்வியும் 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்குரிய விடயங்கள். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்து, தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. நமக்குரிய அதிகாரத்தைக் கேட்டுப் போராடுதல் நம் கடமை. ஆனால் பிள்ளையை நாற்காலியிலிருந்து எழுப்புவதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லையே!

ஆகவே, நம் கைக்கெட்டிய காரியங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, வீடு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்கும் விதியை வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். தந்தையார் தொலைக்காட்சி முன் அமர்ந்துகொண்டு மகனுக்கு உபதேசம் செய்தால் அது செவியேறாது. அலுவலகக் கதிரையில் நாள் முழுவதும் அமரும் உத்தியோகத்தரும், என்னைப் போன்ற சட்டத்தரணிகளும் இவ்விதிக்கு உட்பட்டவர்களே. இரவு உறங்கும் அறைக்குள் தொலைபேசி செல்லலாகாது.

இரண்டாவது, மாலை. கிழமையில் மூன்று மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமையையும் வகுப்பின்றி விடுமாறு பெற்றோர் ஒன்றுகூடித் தனியார் கல்வி நிலையத்தாரைக் கேட்க வேண்டும். தனியொருவர் கேட்டால் ‘என் பிள்ளை பின்தங்கிவிடும்’ என்ற அச்சம் வரும். ஊர் முழுவதும் கேட்டால் எவர் பிள்ளையும் பின்தங்காது. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் ‘லான்செற்’ ஏடு வெளியிட்ட முடிவும் நம்பிக்கை தருகிறது: நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வரை உடலை உழைப்பவர்களிடம், 8 மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்பதால் கூடும் மரண அபாயம் காணப்படவில்லை. ஒரு மணி நேரம்! அதனைக் கொடுக்க மாட்டோமா?

மூன்றாவது, உள்ளூராட்சி. 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் சபைகளுக்கு உபவிதி இயற்றும் அதிகாரத்தை வழங்கியுள்ளன. கட்டணத்துக்குக் கணினி விளையாட்டு நடத்தும் கடைகள் பள்ளி நேரத்திலும் இரவு 9 மணிக்குப் பின்னும் சிறாரை அனுமதியாதவாறு ஒழுங்கு செய்ய, அவ்வதிகாரத்தை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என உறுப்பினர்கள் ஆராயட்டும். மைதானத்துக்கு ஒளிவிளக்கும், பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். புலம்பெயர்ந்த உறவினர் புதிய தொலைபேசி அனுப்புவதற்குப் பதிலாக ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு வலையும் பந்தும் அனுப்பினால், அக்கொடை பல கால்களை நடக்க வைக்கும்.

நான்காவது, எச்சரிக்கை. நெடுநேரம் அமர்ந்தெழுந்தவனுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி நோகுமாயின், எண்ணெய் பூசி உருவிவிட வேண்டாம். உருவினால் கட்டி பெயர்ந்து செல்லக்கூடும். மூச்சு முட்டலோ, நெஞ்சு நோவோ, மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்க்காது பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு விரையுங்கள். எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தான் என்பதை வைத்தியரிடம் ஒளியாது கூறுங்கள்.

தொண்டைமானாற்றில் ஒரு கல்வி நிலையம் உண்டு. உயர்தர மாணவருக்கான அதன் மாதிரிப் பரீட்சைகள் தமிழ்ப் பிரதேசமெங்கும் பெயர் பெற்றவை. அதன் பெயர் வெளிக்கள நிலையம். வெளியிலே, களத்திலே நின்று கற்பதே கல்வி எனக் கருதிய ஆசான்கள் இட்ட பெயர் அது. அந்தப் பெயரின் பொருளை நாம் மறவாதிருப்போமாக. உரிமைக்கு எழுந்து நிற்கும் ஓர் இனம், முதலில் எழுந்து நிற்கும் கால்களைப் பெற்றிருக்க வேண்டும். பெற்றோரே, ஆசிரியரே, வரும் ஞாயிறு மாலையை உங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். கடற்கரைக்கு அவர்களோடு நீங்களும் நடந்து செல்லுங்கள்.