துவக்கைத் தந்தார்கள், காவலைத் தரவில்லை

போர்க்காலத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதத் தொடங்கியிருப்பது நல்லதே. ஆனால் அந்த எழுத்துகளில் ஒரு சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர் எல்லையில், மண்மூட்டைகளுக்குப் பின்னால், கையில் துவக்குடன் இரவு முழுக்க விழித்திருக்கும் நம் வீட்டுப் பையன். ஊர்காவல் படைக்காரன். அவனை நாம் வீரனாக்கிவிட்டோம். அவனை அங்கே நிறுத்தியது யார், எதைக் கொடுத்து நிறுத்தினார்கள், எதைக் கொடுக்காமல் நிறுத்தினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

1990 ஜூன் 11இலிருந்து தொடங்குவோம். அன்று விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்தார்கள். ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு அப்போது புலிகளுடன் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு முறிந்துவிடக் கூடாதென்று, எதிர்க்க வேண்டாம், ஆயுதங்களை ஒப்படையுங்கள் என்ற உத்தரவு கொழும்பிலிருந்து போனது. கல்முனைப் பொலிஸ் நிலையம் சில மணி நேரம் எதிர்த்து நின்றது. கடைசியில் அதுவும் பணிந்தது. சரணடைந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களுமாக 600 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன் பொலிஸ்காரனையே வெறுங்கையோடு கொலைகாரனிடம் ஒப்படைத்த அரசு, சாதாரணக் குடிமகனுக்கு என்ன காவலைத் தந்திருக்க முடியும்?

அதற்கான பதில் இரண்டே மாதத்தில் கிடைத்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். அங்கும் நூற்றுக்கு மேல். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் துரத்தப்பட்டார்கள்.

அரசு அப்போது நம் ஊர்களைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு என்ன செய்தது? ஊர்காவல் படையைப் பெருக்கியது. இந்தப் படை 1980களின் நடுப்பகுதியிலேயே எல்லைக் கிராமங்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. அதையே நம் ஊர்களுக்கும் தாராளமாக நீட்டினார்கள். சில நாள் பயிற்சி, சொற்பப் படி, ஒரு துவக்கு. இதுதான் பாதுகாப்பு என்றார்கள். நாமும் நம்பினோம்.

அந்தத் துவக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெரும்பாலும் அது 12 போர் சொட்கன். காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்க விவசாயி வைத்திருக்கும் அதே சாமான். ஒற்றைக் குழல் என்றால் ஒரு வெடி, இரட்டைக் குழல் என்றால் இரண்டு. பிறகு மடக்கித் திறந்து தோட்டா மாற்ற வேண்டும். 50 மீற்றரைத் தாண்டினால் அதன் ஈயக் குண்டுகள் சிதறி வலுவிழக்கும். எதிரே வருபவன் கையிலோ ரி-56. ஒரு மகசினில் 30 ரவைகள். 300 மீற்றருக்கு அப்பாலிருந்தும் ஆளை விழுத்தும். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவர்கள் ஆயுதம் தெரியாதவர்கள் அல்ல. நன்றாகத் தெரிந்தவர்கள்.

உடலைக் காக்க என்ன தந்தார்கள்? தலைக்கு இரும்புத் தொப்பியா? மார்புக்குக் கவசமா? சாரத்தோடும் பாட்டா செருப்போடும் காவலுக்குப் போன பையன்களிடம் அவற்றைப் பற்றிப் பேசினாலே சிரித்திருப்பார்கள். அதே காலத்தில் கொழும்பில் அமைச்சர்மார் குண்டு துளைக்காத வாகனங்களில் போய்வந்தார்கள். யாருடைய நெஞ்சுக்கு எவ்வளவு விலை என்பதை அரசு மறைக்கவே இல்லை.

1992 ஒக்டோபர் 15ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தில் பள்ளியகொடல்லயும் அயல் ஊர்களும் தாக்கப்பட்டபோது அங்கே ஊர்காவல் படை இருந்தது. அப்படியிருந்தும் நூற்றுக்கும் அதிகமானோர், பெண்களும் பிள்ளைகளுமாக, கொல்லப்பட்டார்கள். துவக்கு அந்த ஊர்களைக் காக்கவில்லை.

இனி, நம்மவர்களுக்குப் பிடிக்காத பகுதி. அதே மாவட்டத்தில், அதே வருடம் ஏப்ரல் 29ஆம் திகதி, அழிஞ்சிப்பொத்தானையில் 50க்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அடுத்து நடந்ததை நாம் எழுதுவதில்லை. ஊர்காவல் படையினரும் பொலிஸாருமாகப் போய் முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ்க் கிராமங்களில் வெறி தீர்த்தார்கள். அங்கு செத்தவர்களும் பெண்கள், குழந்தைகள், வயோதிபர்கள். அவர்களில் யார் அழிஞ்சிப்பொத்தானைக்கு வந்து சுட்டது? காவலுக்கென்று கொடுத்த துவக்கு, காவல் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்காததால், பழிவாங்கும் துவக்காகிப் போனது. அரசுக்கு இதில் நட்டமில்லை. இரண்டு சிறுபான்மைகள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டிருந்தால் இரண்டும் கொழும்பைக் கேள்வி கேட்காது.

"அந்தத் துவக்கும் இல்லாவிட்டால் நாம் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம்" என்பார்கள். சில இரவுகளில், சில ஊர்களில் அது உண்மையாயிருக்கலாம். காவலில் நின்று மௌத்தான பையன்களின் தியாகத்தை யாரும் சிறுமைப்படுத்தவில்லை. வேறு வழியின்றித் துவக்கை ஏந்தியது அவன் குற்றமல்ல. வேறு வழியில்லாமல் செய்தவர்களைத்தான் கேட்கிறோம்.

பொலிஸ் வேலை என்றால் என்ன? முறைப்பாட்டை எழுத வேண்டும். சடலத்தைக் கண்டால் நீதிவானுக்கு அறிவிக்க வேண்டும். ரவைக் கோதுகளைப் பொறுக்க வேண்டும், சாட்சிகளை விசாரிக்க வேண்டும், குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். இந்த நாட்டில் போர் தொடங்கியதும் இந்த வேலைதான் முதலில் நின்றது. பொலிஸுக்குள்ளேயே விசேட அதிரடிப்படை என்ற இன்னொரு இராணுவம் முளைத்தது. மரண விசாரணை இல்லாமலே சடலத்தை அகற்ற அவசரகால விதிகள் இடம் கொடுத்தன. பொலிஸ்காரன் சிப்பாயாகிவிட்டான். அவன் விட்டுப்போன இடத்தில் நம் பையனை நிறுத்தினார்கள்.

விளைவு கண்முன்னே இருக்கிறது. காத்தான்குடிப் பள்ளிச் சுவரில் துப்பாக்கி ரவைகள் துளைத்த அடையாளங்களை நம்மவர்கள் இன்றும் பாதுகாக்கிறார்கள். சுட்டவன் எவனும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. ஜூன் மாதத்துப் பொலிஸாரின் கொலைக்கும் அதே கதிதான். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்ட பயணிகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தைத் தோண்ட 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிவான் நீதிமன்றம் உத்தரவிட்டது. தோண்டும் வேலை ஒத்திவைக்கப்பட்டது. ஒரு மையித்தை வெளியே எடுத்து, கபனிட்டு, ஜனாஸாத் தொழுது அடக்க எந்தத் துவக்கும் தேவையில்லை. நேர்மையான ஒரு பொலிஸ் அதிகாரியும் ஒரு மண்வெட்டியும் போதும்.

போர் 2009இல் முடிந்தது. அதற்கு முன்பே, 2006இல், ஊர்காவல் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாகியிருந்தது. போருக்குப் பின் அதன் ஆட்கள் பண்ணைகளில்கூட வேலை பார்த்தார்கள். பொலிஸைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரிக்க வேண்டுமென்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. அமைச்சின் பெயர்ப்பலகைகள் மாறின. பொலிஸின் மனம் மாறியதா? 2014 ஜூனில் அளுத்கமவிலும் 2018 மார்ச்சில் திகனயிலும் தொப்பி, கேடயம், கண்ணீர்ப்புகை எல்லாம் பொலிஸிடம் இருந்தன. ஊரடங்கும் இருந்தது. அப்படியிருந்தும் நம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சாமான் இல்லாததல்ல குறை என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

ஆகவே எழுதுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஊர் எல்லையில் நின்ற பையனைப் பாடுவதை நிறுத்துங்கள். அவன் பெயரை, அவன் மௌத்தான திகதியை, அவன் கையில் என்ன இருந்தது என்பதை எழுதி வையுங்கள். முத்துக்கல்லில் செத்த பிள்ளையையும் சேர்த்தே எழுதுங்கள். நம் அரசியல்வாதிகள் பாதுகாப்புக் கேட்டுப் போகும்போது மீண்டும் துவக்கு வாங்கி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் கேட்க வேண்டியது முறைப்பாட்டைத் தமிழில் கேட்டுத் தமிழிலேயே எழுதும் பொலிஸ் நிலையம். கொன்றவன் எந்தச் சமூகத்தவனானாலும் அவனைத் தேடிப்போகும் பொலிஸ். குருக்கள்மடத்து மண்ணைத் தோண்டும் வேலையிலிருந்து அது தொடங்கட்டும்.