பாக்கி வைத்தவரின் துறைமுகம்

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இலங்கை 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கைக்கு வந்தது சுமார் 112 கோடி டாலர். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அங்கே வந்து நின்றது. ஆராய்ச்சிக் கப்பல் என்றது சீனா. வேவு பார்க்க வந்தது என்று நம் நாட்டில் கவலை. வருகையைத் தள்ளிப்போடச் சொன்ன இலங்கை, சில நாளில் அனுமதியும் கொடுத்துவிட்டது.

இதில் நமக்கு ஆச்சரியமில்லை. இரண்டு மொத்த வியாபாரிகளிடம் பாக்கி வைத்த சில்லறைக் கடைக்காரர் யாரைப் பகைத்துக்கொள்ள முடியும்?

அதே ஆண்டு அங்கே பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் தவித்தபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசி தர முன்வந்தது. பலன் தெரிந்தது. 2024 டிசம்பரில் டில்லி வந்த அதிபர் அனுர குமார திசாநாயக்க, தங்கள் மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்றார். 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

சீனா விலகிவிட்டது என்று சிலர் குதிக்கிறார்கள். குத்தகை அப்படியேதான் இருக்கிறது! கப்பல் வரும்போது மட்டும் கோபித்துக்கொள்வதை விட்டு, நீண்ட தவணையில் கடனும், சொன்ன தேதியில் சரக்கும் போக டில்லி வழி செய்ய வேண்டும் என்பதே நம் கருத்து.

2022இல் டாலர் இல்லாமல் நம் வெங்காயப் பணம் கொழும்பில் ஆறு மாதம் நின்றுபோயிற்று. அந்த வாடிக்கையாளரை நாம் நெருக்கவில்லை. இன்றும் அவர் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார்.