அளவெடுத்த பிறகு வண்டி

கோவாவில் ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 பந்தயத்துக்குப் பணம் கட்டிய கையோடு பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த பைக் எடுக்கலாம்?" நியாயமான கேள்வி. 1.9 கிலோமீட்டர் கடலில் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் அது. வேலை, குடும்பம் எல்லாம் பார்த்துக்கொண்டு பயிற்சி எடுக்கிறவர்களுக்கு மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி சைக்கிள் மேல்தான் கழியும். 2019இல் இந்தப் பந்தயம் இந்தியாவுக்கு வந்த பிறகு, விடிகாலை நாலரை மணிக்குச் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் பளபளக்கும் கார்பன் ஃபிரேம்களை அடிக்கடி பார்க்க முடிகிறது.

அந்த வண்டிகளின் மேல் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். முழங்கையை விறைத்துக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, கோவளம் தாண்டுவதற்குள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சொடுக்கெடுப்பவர்கள் எத்தனை பேர்! முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோபாரில் கைவைத்துக் குனிந்து போகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தார்கள். பத்து நிமிடம்கூட அப்படி இருக்க முடியாமல் நிமிர்ந்துவிடுகிறார்கள். வண்டி லட்சக்கணக்கில், அதில் எப்படி உட்காருவது என்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. துணியைத் தைத்து முடித்த பிறகு அளவெடுக்கிற தையல்காரர் எங்காவது உண்டா? சைக்கிளில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கையில் பணம் குறைவாக இருக்கிறவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் இருப்பவர் தப்பான வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள்வார். ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்கிறவர் முதலில் உடம்பை அளக்க வேண்டும். வண்டி அதற்குப் பிறகு.

காரணம் காற்று. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது நம்மைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்றை வெல்ல இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் காற்றில் முட்டுவதில் பெரும்பங்கு நம் உடம்பு. ஃபிரேமும் சக்கரமும் அதற்கு அடுத்துத்தான். மார்பு தாழ்ந்து, கைகள் ஒடுங்கி, தலை தோளுக்குள் அடங்கியிருக்கிற ஒருவர் சாதாரண அலுமினிய வண்டியில் போனாலும், விலை உயர்ந்த வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரை முந்திவிட முடியும்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், தனித்தனியாக ஓட்டும் பந்தயம். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனைவிட 50 நொடி பின்தங்கியிருந்தார். டிரையத்லான்காரர்கள் அதற்கு முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்த நீட்டுக் கைப்பிடியை வண்டியில் மாட்டிக்கொண்டு ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தை 8 நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அந்தக் கைப்பிடியோடு நிறுத்திவிடுவார்கள். ஃபின்யோனுக்கு அப்போது சீட் உரசி வந்த புண் இருந்தது, உட்காரவே வேதனைப்பட்டார் என்பதும் அதே கதையில் உண்டு. கைப்பிடியைப் படித்த அளவுக்குச் சீட்டைப் படிக்க நாம் மறந்துவிட்டோம்.

டிரையத்லானுக்கென்று டிரை பைக் என்ற தனி வண்டி எதற்கு? சாதாரண ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் 72 முதல் 74 டிகிரி வரை சாய்ந்திருக்கும். டிரை பைக்கில் அது 76க்கு மேல், சிலவற்றில் 80 டிகிரியை நெருங்கும். சீட் முன்னால் வருவதால், உடம்பு மொத்தமும் பெடல் அச்சை (பெடல் கைகள் சுழலும் நடு அச்சை) சுற்றி முன்பக்கம் உருண்டு நிற்கிறது. அதனால் எவ்வளவு குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காது, மூச்சும் திணறாது. 1980களின் கடைசியில் குவின்டானா ரூ என்ற பெயரில் இப்படிப்பட்ட வண்டியைக் கொண்டுவந்தவர் டான் எம்ப்ஃபீல்ட். ஃபிரேமின் உயரத்தையும் நீளத்தையும் பெடல் அச்சிலிருந்து அளக்கும் 'ஸ்டாக்', 'ரீச்' கணக்கைப் பரப்பியவரும் அவர்தான். வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய இரண்டு எண்கள் அவை. ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 52, 54, மீடியம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டாக்கையும் ரீச்சையும் அளக்கும் முறை மாறாது.

பணம் குறைவென்றால், முதல் பந்தயத்துக்கு ரோடு பைக் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு லட்சத்துக்குள் நல்ல அலுமினிய ரோடு பைக் கிடைக்கிறது. அதன்மேல் மாட்டும் கிளிப்-ஆன் ஏரோபார் சில ஆயிரம்தான். நம் சாலைக்கும் அதுதான் ஒத்துவரும். டிரை பைக்கில் குனிந்து போகும்போது கை பிரேக்கில் இருக்காது. உத்தண்டி தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தால், கையை எடுத்துப் பிரேக்கைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வாரநாள் பயிற்சியும் கூட்டமாக ஓட்டுவதும் ரோடு பைக்கில்தான் பத்திரம்.

ஆனால் ரோடு பைக்கில் ஏரோபாரை அப்படியே மாட்டினால் போதாது. இங்குதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ரோடு பைக்கின் சீட் பின்னால் இருக்கிறது. ஏரோபாரோ கையை இன்னும் முன்னால் இழுக்கிறது. நடுவில் உடம்பு கயிறாக நீளுகிறது. இடுப்பும் தொடையும் மடங்கி நெருக்குகின்றன. அதனால் சீட்டை முன்னால் தள்ள வேண்டும். முன்பக்கம் வளைந்த சீட்போஸ்ட் கிடைத்தால் நல்லது. சீட் முன்னால் போனால் கொஞ்சம் மேலேயும் ஏற்ற வேண்டும். கைப்பிடியை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்க வேண்டும். இதையெல்லாம் மனதில் வைத்து, இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிறவர்கள் சிறியதை எடுப்பதே மேல். சின்ன ஃபிரேமை நீட்டலாம். பெரிய ஃபிரேமைக் குறுக்க அவ்வளவாக வழியில்லை.

எங்கள் குழுவில் வங்கி அதிகாரியான ஒரு பெண் இருக்கிறார். ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் அந்த சைஸ்தான் இருக்கிறது, தள்ளுபடியும் உண்டு என்று 52 சைஸ் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். "எனக்கு இன்னும் பயிற்சி பத்தலைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை உடம்புக்கேற்பச் சரிசெய்யும் ஃபிட்டிங்குக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். வண்டியை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் ஏற்றி, அவருடைய கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டி, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தார் ஃபிட்டர். திரையில் நிறுத்திக் காட்டினார். பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் விலாவை நோக்கி ஏறியது. அதற்கு இடம் கொடுக்க இடுப்பு ஒரு பக்கம் நெளிந்தது. உடம்பின் கனம் முழுக்க உள்ளங்கையில், சுண்டு விரல் பக்கத்து நரம்பின் மேல். பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபிட்டர் முதலில் தொட்டது பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கை. 170 மில்லிமீட்டரைக் கழற்றிவிட்டு 160 போட்டார். பத்து மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கிராங்க் குட்டையானால் கீழே கால் எட்டுவதற்குச் சீட்டைப் பத்து மில்லிமீட்டர் ஏற்றலாம். மேலே வரும்போது பெடலும் பத்து மில்லிமீட்டர் தாழ்ந்தே நிற்கும். இரண்டும் சேர்ந்து தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருபது மில்லிமீட்டர் இடம் கிடைத்துவிடுகிறது. பிறகு ஸ்டெம் 100இலிருந்து 70. விரல் மரப்பது குறைந்தது. இருந்தாலும் ஃபிரேம் அவருக்கு நீளம்தான் என்பதை ஃபிட்டர் மறைக்கவில்லை. ஒரு வருடம் ஓட்டிவிட்டு அதை விற்று, சின்ன ஃபிரேம் வாங்கினார். முதலிலேயே அளந்திருந்தால் இரண்டாவது செலவு மிச்சம். குட்டையான பெண்கள் கடையில் இருப்பதை வாங்கிக்கொண்டு வரவேண்டிய நிலை இன்னும் மாறவில்லை. அவர்கள் விட்டுக்கொடுக்காமல் நின்று கேட்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துவிடலாம். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாக வரும். 82 சென்டிமீட்டர் என்றால் 72.4. இதுவும் லெமாண்ட் பெயரோடு புழங்கிவரும் கணக்குதான். இது தொடக்கம் மட்டுமே. ஷூவின் அடி, பெடலின் தடிமன், உங்கள் கணுக்கால் மடங்கும் விதம் எல்லாம் இதை மாற்றும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த படி.

நல்ல ஃபிட்டரை எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியைத் தொடும் முன் உங்களிடம் பேசுவார். பழைய அடி ஏதாவது உண்டா, குனிந்து தரையைத் தொட முடிகிறதா, எந்த தூரத்துப் பந்தயம், நாள் முழுக்க நாற்காலி வேலையா என்று கேட்பார். சும்மா மிதிக்கவிட்டுப் பார்க்காமல், பந்தயத்தில் எவ்வளவு அழுத்தி மிதிப்பீர்களோ அப்படி மிதிக்கச் சொல்லிப் பார்ப்பார். அழுத்தும்போதுதான் உடம்பு உண்மையைக் காட்டும். அவசரப்படுத்துகிறவரிடம் போகாதீர்கள். எல்லாப் பக்கமும் நகர்த்தக்கூடிய ஃபிட்டிங் வண்டி வைத்திருப்பவர் என்றால், பைக் வாங்குவதற்கு முன்பே போய், உங்களுக்குப் பொருந்தும் ஸ்டாக், ரீச் எண்களை வாங்கி வந்துவிடலாம். செலவு ஆயிரங்களில் முடிந்துவிடும்.

சீட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். ஏரோபாரில் குனியும்போது இடுப்பெலும்பு முன்பக்கம் உருண்டு, கனமெல்லாம் பின் எலும்பிலிருந்து முன்னால் உள்ள மெல்லிய சதைக்கு வந்துவிடுகிறது. அதற்குத்தான் மூக்குப் பகுதி இரண்டாகப் பிளந்த சீட் வந்திருக்கிறது. அந்த இடம் மரத்துப்போவது நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதன் அடையாளம். ஆணோ பெண்ணோ, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து ஃபிட்டரிடம் சொல்லுங்கள். அவர் தினமும் கேட்கிற விஷயம்தான் அது.

டிரை பைக்தான் வேண்டும் என்றால் பழையதைத் தேடுங்கள். பந்தயம் முடிந்து சில வாரங்களில் நிறைய விற்பனைக்கு வரும். விற்பவரின் உயரத்தை முதலில் கேளுங்கள். ஏரோபாரில் கைவைக்கும் பஞ்சுகளைக் கழற்றி அடியில் உள்ள போல்ட்டுகளைப் பாருங்கள். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டிய வண்டியில் வியர்வை உப்பு இறங்கி, போல்ட் துருப்பிடித்து, அலுமினிய பார் அரித்திருக்கும். நம் கடற்கரைக் காற்றுக்கு இது இன்னும் வேகம். சீட்போஸ்ட் இறுகும் இடத்திலும் பெடல் அச்சைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெம்மும் கைப்பிடியும் ஃபிரேமோடு ஒன்றாக வார்த்த மாதிரி வரும் வண்டிகளைப் பணம் குறைந்தவர்கள் தொடவே வேண்டாம். அளவு மாற்ற அந்தக் கம்பெனியின் பாகமே வேண்டும், அது இங்கே கிடைப்பது கடினம், விமானத்துக்குப் பெட்டி கட்டுவதும் பெரும்பாடு. சாதாரண ஸ்டெம் உள்ள பழைய மாடல், ரிம் பிரேக் வண்டி, அளவு பொருந்தினால் தாராளமாக எடுக்கலாம்.

மிச்சப் பணம் இருந்தால் நல்ல டயர், பிறகு ஹெல்மெட். உயரமான கார்பன் சக்கரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்சக்கரம் இழுப்பதைத் தாங்கப் பழக்கம் வேண்டும்.

ஃபிட்டிங் முடிந்ததும் சீட் உயரம், சீட் முன்பின், பஞ்சுகளின் உயரம், நீளம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பெட்டி கட்டும் முன் சீட்போஸ்ட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். புது உட்காரும் முறைக்கு உடம்பு பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பந்தயம் நெருங்கிய பிறகு எதையும் மாற்றாதீர்கள். பந்தயத்துக்குப் பதிவு செய்திருக்கிறவர்கள் இந்த வாரமே போய் அளவெடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.