கோவிட் நிவாரணம்: பண்ணைகளுக்குப் போன பணம் யார் கைக்குக் கிடைச்சது?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சில நாள்களிலேயே கேமரன் மலையில் டன் கணக்கில் காய்கறிகள் கொட்டப்படும் படங்கள் பரவின. அதே நேரம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் கீரை கிடைக்காமல் அலைந்தார்கள். விளைச்சலில் குறை இல்லை. சரக்கு வந்து சேரும் வழிதான் அடைபட்டுப் போச்சு.

என்ன நடந்தது?

இரவுச் சந்தைகள் மூடப்பட்டன. உணவகங்களில் பார்சல் மட்டும்தான். மொத்தச் சந்தைகளின் நேரம் குறைக்கப்பட்டது. ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரமே கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கோயில்கள் மூடி, கல்யாணங்கள் நின்றதால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பூக்கடைகளிலும் வியாபாரம் படுத்தது. அந்த அடி பூந்தோட்டம் வரைக்கும் போனது.

அரசு எவ்வளவு கொடுத்தது?

மார்ச் 27-ஆம் தேதி அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் 250 பில்லியன் ரிங்கிட் பிரிஹாத்தின் திட்டத்தை அறிவித்தார். அதில் உணவுப் பாதுகாப்பு நிதி 1 பில்லியன். அதாவது 250 வெள்ளியில் ஒரு வெள்ளி.

இது தவிர, பேங்க் நெகாரா 1 பில்லியன் ரிங்கிட்டில் வேளாண் உணவு நிதி ஒன்றைத் தொடங்கியது. ஒரு நிறுவனத்துக்கு 5 மில்லியன் வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 3.75% வட்டி. கவனிங்க, இது கடன். திருப்பிக் கட்டணும்.

நேரடிப் பணமே இல்லையா?

இருந்தது, ஆனால் விவசாயி என்பதற்காக அல்ல. மாதம் 4,000 ரிங்கிட் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மொத்தம் 1,600 ரிங்கிட் கிடைத்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி நுண் தொழில்களுக்கு 3,000 ரிங்கிட் சிறப்பு மானியம் அறிவிக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு நிதியிலிருந்து வட்டாரப் பெலாடாங், மீனவர் சங்கங்களுக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் ரிங்கிட் வரை ஒதுக்கப்பட்டது. அது மூன்று முதல் ஆறு மாதத்தில் பலன் தரும் திட்டங்களுக்கு. பணம் போனது சங்கத்துக்கு, தனி ஆளுக்கு அல்ல.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2020 ஏப்ரலில் அங்கு அறிவித்த 19 பில்லியன் டாலர் திட்டத்தில் 16 பில்லியன், விலை வீழ்ச்சியில் நட்டப்பட்ட பண்ணையாளர்களுக்கு நேரடிப் பணம்.

அப்போ யார் விடுபட்டிருப்பாங்க?

விதிமுறைகளைப் பார்த்தாலே புரியும். 3,000 ரிங்கிட் மானியத்துக்குப் பதிவு வேணும். கடனுக்குக் கணக்கு வழக்கு வேணும். சங்கத் திட்டத்தில் சேர உறுப்பினரா இருக்கணும். நாலு மாடு வச்சு வீடு வீடாகப் பால் ஊற்றுபவருக்கும், தற்காலிக உரிமத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் இதில் ஒவ்வொரு படியும் சிரமம். சம்பள உதவித்தொகையும் உள்நாட்டுத் தொழிலாளர்களுக்கு மட்டுமே. காய்கறித் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டவர்.

பதிவு கேட்பது தப்பில்லை. பொதுப் பணம் போலிப் பெயரில் போகக் கூடாது. ஆனால் நெருக்கடி வந்த பிறகு பதிவைக் கேட்டால், ஏற்கெனவே பதிவில் இருப்பவர்தான் முதலில் வாங்குவார்.

இப்போ இது எதுக்கு?

அடுத்த முறை அது தொற்றாக இல்லாமல் வெள்ளமாகவோ தீவன விலை ஏற்றமாகவோ இருக்கலாம். உங்க வீட்டில் தாத்தாவோ மாமாவோ மாடு, தோட்டம் வைத்திருந்தால் மூன்று விஷயம் கேளுங்க: தொழில் பதிவு இருக்கா? வட்டாரப் பெலாடாங் சங்கத்தில் உறுப்பினரா? மாடுகள் கால்நடைத் துறையின் பதிவில் இருக்கா? பாரங்கள் மலாயிலும் இணையத்திலும் இருப்பதால், அதை நிரப்ப உங்களைவிடப் பொருத்தமானவர் அந்த வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.