நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!

மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ, தேக்கு ரீப்பரின்மேல் கிளிப் அடித்து மின்கம்பி ஓட்டியிருக்கும் பழைய வீடொன்றின் சொந்தக்காரரிடம், வயரிங்கை ஒரு தடவை பரிசோதித்துப் பார்த்தால் தேவலை என்று யாரேனும் சொல்லப்போனால், "அப்பா காலத்தில் போட்டது சார், அந்தக் காலத்துச் சரக்கு, நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!" என்ற பதில் தயாராக வந்துவிடும். பேச்சு வளர்ந்தால் பீஸ் இருக்கிறது, எம்.சி.பி. போட்டாயிற்று, எர்த் குழி இருக்கிறது என்று சமாதானங்கள் தொடரும். படித்தவர்களிடமும் வேரூன்றிவிட்ட இந்த அபிப்பிராயத்தை அங்கம் அங்கமாக எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

சரக்கு கெட்டி என்பதில் பாதி நியாயம் உண்டு. பீங்கானில் செய்த பீஸ் கட்டையும், பித்தளை உறுப்புகள் அமைந்த பேக்கலைட் சுவிட்சும் இன்று கடையில் கிடைக்கும் மட்டமான சாமான்களைவிட உழைக்கக்கூடியவை என்பதை எந்த வயர்மேனும் ஒப்புக்கொள்வார். சுவருக்குள் புதைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி கம்பியை ஓட்டிய அந்த முறைக்கும் ஒரு விசேஷ குணம் உண்டு. பழுதானால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் கெட்டியாக இருப்பது பீங்கானும் பித்தளையுமேயன்றி, கம்பியைச் சுற்றியிருக்கும் ரப்பர் அன்று. பல்பின் சூட்டிலேயே வருஷக்கணக்காகக் கிடந்த ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால், அங்கே ரப்பர் உறை விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்வதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். தாமிரத் தட்டுப்பாட்டினால் அலுமினியக் கம்பி போட்ட 1960-களின், 70-களின் வீடுகளிலோ சங்கடம் வேறு விதம். திருகாணியின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுப்பதும், காற்றுப் பட்டவுடன் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு படலத்தை மேலே போர்த்திக்கொள்வதும் அலுமினியத்தின் சுபாவமாகையால், இணைப்புகள் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் சூடேறி, சுவிட்ச் போர்டு கருகிய பிறகே விஷயம் வெளிப்படுகிறது.

இனி, நாற்பது வருஷ அனுபவம் என்னும் சாட்சியத்தை விசாரிப்போம். அந்த நாற்பது வருஷங்களில் பெரும்பகுதி அந்தக் கம்பி சுமந்தது என்ன? 60 வாட் பல்புகள் ஐந்தாறு, மின்விசிறிகள் இரண்டு மூன்று, ஒரு ரேடியோ, எப்போதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி. எல்லாம் ஒருங்கே ஓடினாலும் ஆயிரம் வாட்டைத் தாண்டுவது அபூர்வம், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர். இன்று அதே வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி.யும், 2,000 வாட் கீசரும், அதே அளவு வாங்கும் இண்டக்ஷன் அடுப்பும் விடியற்காலையில் ஒன்றாக ஓடினால் 25 ஆம்பியரை நெருங்குகிறது. மின்னோட்டம் ஆறு பங்கானால் கம்பியில் உண்டாகும் சூடு அதன் வர்க்கமாக 36 பங்காகும் என்பது ஜூல் என்னும் விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்தாபித்துவிட்ட விதி. அந்தக் காலத்து வயர்மேன் விளக்குக்கும் விசிறிக்கும் என்று இழுத்த 1/18 கம்பியும் 3/22 கம்பியும் அவர் கணக்குக்குச் சரியாகவே இருந்தன. கணக்கை மாற்றியவர்கள் நாம். ஆகவே, ஒன்றும் ஆகவில்லை என்ற சரித்திரம் அன்றைய வீட்டுக்குச் சேர்ந்ததேயொழிய இன்றைய வீட்டுக்கு அது பிரமாணமாகாது.

பீஸ் இருக்கிறதே என்பார்கள். 5 ஆம்பியருக்குப் போடவேண்டிய ஈயம் பூசிய தாமிர இழையின் கனம் 0.2 மில்லிமீட்டர்தான், அதுகூட உடனே உருகிவிடுவதில்லை, ஏறக்குறைய இரட்டிப்பு மின்னோட்டம் வரையில் தாங்கி நிற்கும். பீஸ் அடிக்கடி போகிறதே என்ற எரிச்சலில், பழைய வயரிலிருந்து உருவிய இழைகளை மூன்று நான்காகச் சேர்த்து முறுக்கிக் கட்டிவிட்டால், பீஸ் இருந்த இடத்தில் கம்பி வந்துவிடுகிறது. பிறகு உருகவேண்டியது சுவரில் ஓடும் வயரேயாகும். போதாக்குறைக்கு, மிகப் பழைய வீடுகளில் பேஸுக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரண்டு கட்டைகள் இருக்கும். நியூட்ரல் கட்டையில் இழை போய்விட்டால் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஆனால் ஒவ்வொரு ஹோல்டரிலும் பேஸ் உயிரோடு காத்திருக்கும். நியூட்ரலில் பீஸ் கூடாதென்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே தடுத்திருந்தும், அந்தக் கட்டைகள் இன்னும் பல வீடுகளில் சுகமாக வாசம் செய்கின்றன.

பீஸ் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து துண்டிக்கும் எம்.சி.பி. பெட்டி வைத்தவர்களின் நம்பிக்கையே எல்லாவற்றிலும் விபரீதமானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அவர்கள் பணம் செலவழித்திருக்கிறார்கள், ஆகையால் பயம் விட்டுப்போயிற்று. எம்.சி.பி. காப்பாற்றுவது கம்பியை, மனிதனை அன்று. ஈரக் கையோடு தொட்டவனின் உடல் வழியே ஓடும் மின்னோட்டம் சுமார் 200 மில்லி ஆம்பியர். இருதயத்தை நிறுத்த இது தாராளமாகப் போதும், 16 ஆம்பியர் எம்.சி.பி.யை அசைக்கவோ இது எம்மாத்திரம்? அதற்குத்தான் எர்த் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். கரியும் உப்பும் கொட்டிக் குழாய் புதைத்த எர்த் குழியின் தடை நல்ல நிலையில் 5 ஓம் அளவில் இருக்கலாம். உப்பு கரைந்துபோய், சித்திரை வெயிலில் மண்ணும் காய்ந்துவிட்டால் அதுவே 20 ஓம் ஆகிவிடும். அப்போது கீசரின் உள்ளே பேஸ் கசிந்து அதன் உலோக உடலைத் தொட்டால் எர்த்தில் ஓடுவது சுமார் 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரண உபயோகமென்று எண்ணிச் சும்மா இருக்க, குளியலறையில் கீசரின் உடல் ஏறக்குறைய 220 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். அந்த எர்த் கம்பியாவது பிளக் வரையில் வந்திருக்கிறதா? பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் மாட்டியிருப்பார்கள், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இராது.

போகிற மின்னோட்டமும் திரும்பிவருகிற மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இடைவிடாமல் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. அதை மாட்டினால் நிற்கவே மாட்டேனென்று விழுகிறது என்று குறைப்பட்டுக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. புதுச் சாதனம் பழுதில்லாததாக இருந்தால், அது விழுவது வீட்டில் எங்கோ கசிவு உண்டென்பதற்கோ, அல்லது இரு சர்க்யூட்களின் நியூட்ரல் கலந்திருக்கிறதென்பதற்கோ சாட்சியம்; சாட்சியை வெளியேற்றிவிட்டு வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகாது. எம்.சி.பி.யின் வேலையை இதுவும் செய்யாது என்பதையும் சொல்லிவிடவேண்டும், இரண்டும் வேண்டும்.

செலவு என்ற ஆட்சேபம் மாத்திரம் மிச்சம். வீடு முழுவதும் சுவரை உடைக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்? முதலில் ஆர்.சி.சி.பி.யும் புது எர்த்தும், அடுத்து ஏ.சி., கீசர், சமையலறை ஆகியவற்றுக்கு மெயினிலிருந்து தனித்தனித் தாமிர லைன், அதுவும் பி.வி.சி. கேஸிங்கில் வெளிப்படையாக; விளக்கு, விசிறிக் கம்பிகளை வசதிப்படும்போது அறை அறையாக மாற்றிக்கொள்ளலாம்.

லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனை அழைத்து, 500 வோல்ட் மெக்கர் வைத்துக் கம்பிகளின் காப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மேற்கொண்டு வாதத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. வைத்திருப்பவர்கள் அதில் ‘டி’ என்று குறித்த பொத்தானை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். அது விழவில்லையானால் வேறொன்று வாங்கி மாட்டுங்கள்.