சாவியை நம் பிள்ளைகளிடம் கொடுப்போம்



மே மாதம் பிறந்துவிட்டால் எரியோட்டில் நம் பிள்ளைகளின் நாள் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. காலையில் தீனிய்யாத் வகுப்பு. அது கலைந்தபின் மஃரிப் வரை கைப்பேசி. பெற்றோரில் பலர் நூற்பாலை ஷிப்டிலோ கடையிலோ இருக்கின்றனர். இந்த இடைவெளியை நிரப்ப ஒரு கோடை வாசகசாலை வேண்டும் என்கிறோம். அதை நடத்தும் பொறுப்பைப் பத்தாம், பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த நம் பிள்ளைகளிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். அவ்வாறு சொன்னவுடன் மூன்று மறுப்புகள் எழுந்தன. மூன்றுக்கும் இங்கே விடை கூறுகிறோம்.

முதல் மறுப்பு: "கதைப் புத்தகம் துன்யாவின் காரியம், ஜமாஅத் அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?"

வஹீயின் முதல் கட்டளையே வாசிக்கச் சொன்னது என்பதை ஜும்ஆ மேடைகளில் பெருமையுடன் பேசுகிறோம். பத்ருப் போரில் சிறைப்பட்டு, ஈட்டுத்தொகை செலுத்த இயலாமல், ஆனால் எழுதத் தெரிந்திருந்தவர்கள் தலைக்குப் பத்து மதீனச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றதை வரலாற்று நூல்கள் பதிவுசெய்துள்ளன. அந்தக் கைதிகள் இஸ்லாத்தை எதிர்த்து வாளேந்தி வந்தவர்கள். அவர்கள் மார்க்கத்தையா கற்பித்திருப்பார்கள்? வெறும் எழுத்தைத்தான் கற்பித்தார்கள். அந்த எழுத்தையே நபி (ஸல்) அவர்கள் ஓர் உயிரின் விடுதலைக்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். நாமோ அதை வீண்பொழுது என்கிறோம்.

இரண்டாம் மறுப்பு: "பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

ஹிஜ்ரத்தின்போது ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு வயது ஏறத்தாழ 11. பத்ருக் கைதிகளிடம் எழுதக் கற்றவர்களுள் அவரும் ஒருவர் என்று அறிவிப்பு உண்டு. பதின்ம வயதிலேயே நபியவர்களின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தைச் சில வாரங்களுக்குள் கற்று, அவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டினார். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் அமானத்தை அவரிடம் ஒப்படைத்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். நம்பிப் பொறுப்பளித்ததால் உருவான ஆளுமை அது. நம் மஹல்லாவில் அதே வயதினருக்கு நாம் அளிக்கும் பொறுப்பு எது? நிக்காஹ் வீட்டில் நாற்காலி அடுக்குவதும் ரமளானில் நோன்புக் கஞ்சி ஊற்றுவதும்தானே!

இங்கே எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்கிறோம். முன்பொரு கோடையில் சில நாட்கள் இதை முயன்று பார்த்தோம். தொண்டர்களாக வந்த இளைஞர்கள் பலர். அவர்களில் எவருக்கும் இன்ன வேலை என்று வகுத்துத் தரவில்லை. பெரியவர்களாகிய நாங்களே பேசினோம், நாங்களே அதட்டினோம். சிறுவர்கள் பிஸ்கட்டுக்காக வந்தார்கள். அது தீர்ந்ததும் வரவில்லை. இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். தோற்றது அவர்களன்று, நாங்கள்.

இம்முறை வழி வேறு. ஒரு தொண்டருக்கு ஆறு சிறுவர்கள். கோடை முழுவதும் அதே ஆறு பேர். அன்றன்று வாசித்துக் காட்டும் நூலை முந்தைய நாளே அவர் படித்திருக்க வேண்டும். யார் எந்த நூலை எடுத்துச் சென்றார், எப்போது திருப்பினார் என்ற பதிவேடு அவர் கையில். தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம். தாய்மார் இருவர் உடனிருப்பார்கள். எவ்வேளையும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அருகில் இருப்பார். ஆனால் குறுக்கிட மாட்டார். ஆறு குழந்தைகள் தன் வரவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளை தெருமுனையில் பொழுதைப் போக்குமா?

மூன்றாம் மறுப்பு: "செலவுக்கு எங்கே போவது?"

செலவை நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. வரியைக் கொடுத்துவிட்டு நூலை எடுக்காமலிருப்பது சிக்கனமன்று. நம் உரிமையை நாமே கைவிடுவதாகும். பொது நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராக்குவோம். வாசகர் வட்டத்தில் நாமும் சேர்வோம். நூலகரிடம் சென்று முறையாக விண்ணப்பிப்போம். கட்டடம் இல்லையே என்றும் கலங்க வேண்டாம். 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகச் சென்றார்கள். நமக்கு மதரஸாவின் கூடம் இருக்கிறது. லுஹருக்குப் பின் அஸர் வரை அது பூட்டியே கிடக்கிறது.

எனவே நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பணத்தை அன்று. அந்தக் கூடத்தின் சாவியை, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஒரு கோடைக்கு மட்டும் நம் பிள்ளைகளிடம் கொடுங்கள். பக்கத்துத் தெருவின் பிற சமயக் குழந்தைகளும் வரட்டும்; அறிவுக்கு மஹல்லா எல்லை கிடையாது. பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ தொண்டாற்ற முன்வந்தால் "உனக்கெதற்கு இந்த வேலை" என்று தடுக்காதீர்கள். நம்பிக்கை வைக்கப்படாத பிள்ளை நம்பிக்கைக்குரியவராக வளர்வது எங்ஙனம்?

வல்ல இறைவன் பயனுள்ள கல்வியை நம் தலைமுறைக்கு அருள்வானாக! ஆமீன்.